ஹாஸ்டல் கிடைக்கலையா? வெளி ரூம் வாடகைக்கும் கல்விக் கடன் உண்டு, ஆனா கணக்குப் போட்டு வாங்குங்க!

"அண்ணா, தங்கச்சிக்கு கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. ஃபீஸுக்கு பேங்க்ல லோன் தர்றாங்க. ஆனா ஹாஸ்டல் ஃபுல். வெளியே பிஜில தங்க, சாப்பாட்டோட மாசம் 7,000 ஆகுமாம். நான் ஒரு பர்சனல் லோன் போட்டுடவா?"

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் போன்ல இப்படிக் கேட்டான். ஊர் தாமல். காஞ்சிபுரம் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில வேலூர் பக்கம் போனா வருமே, பெரிய ஏரி இருக்கிற ஊர், அதுதான். அவன் அப்பா பட்டுத் தறி நெய்யுறவர். சேலையை அறுத்துக் கொடுத்தாதான் கூலி. மாசச் சம்பளம்னு ஒண்ணும் கிடையாது. பையனுக்கு ஒரகடத்துல வேலை, கைக்கு 24,000 வருது. அதுல பைக் இஎம்ஐ வேற.

"பர்சனல் லோன் வேண்டாம், கொஞ்சம் பொறு"ன்னு சொன்னேன். ஏன்னா, இதே இடத்துல நான் ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கேன்.

நான் பண்ணின தப்பு

நான் சென்னையில காலேஜ் சேர்ந்தப்போ எனக்கும் ஹாஸ்டல் கிடைக்கல. கல்விக் கடன் வாங்கினோம், ஆனா காலேஜ் ஃபீஸுக்கு மட்டும். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்தோம். வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. 2 ரூபா வட்டி. அதாவது மாசம் 100 ரூபாய்க்கு 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம்! வட்டி கட்ட முடியாம கடைசியில நகை மூழ்கிடுச்சு.

படிப்பு முடிஞ்சு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது, அந்த வாடகையையும் கல்விக் கடன்லயே கேட்டிருக்கலாம்னு. யாரும் சொல்லல. நாங்களும் கேட்கல.

விதி என்ன சொல்லுது?

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை ஒட்டித்தான் பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் கடன் தர்றாங்க. அதுல காலேஜ் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. மாணவர் வெளியே தங்க வேண்டி வந்தா, "நியாயமான" தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்குல எடுத்துக்கலாம்னும் இருக்கு.

இதுல "நியாயமான" அப்படிங்கிற வார்த்தைதான் முக்கியம். எவ்வளவு நியாயம்னு முடிவு பண்றது வங்கி. அதனால ரெண்டு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க.

ஒண்ணு, விண்ணப்பம் போடும்போதே நாலு வருஷச் செலவுப் பட்டியல்ல வாடகையையும் சாப்பாட்டையும் எழுதிடணும். கடன் அனுமதிக் கடிதத்துல இல்லாத செலவை ரெண்டாம் வருஷம் போய்க் கேட்டா திரும்ப முதல்ல இருந்து அலையணும்.

ரெண்டு, ஆதாரம் வேணும். ஹாஸ்டல் இடம் இல்லைன்னு காலேஜ் தர்ற கடிதம், அந்தக் காலேஜோட ஹாஸ்டல் கட்டண விவரம், பிஜி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம். "ஹாஸ்டலுக்கே இவ்வளவு ஆகுது, நாங்க கேட்கிறதும் அதே அளவுதான்"னு காட்ட முடிஞ்சா பேச்சு சுலபமா முடியும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

கடன் கிடைக்கும்னு தெரிஞ்ச உடனே பையன் சந்தோஷமாயிட்டான். "அப்போ மொத்தத்தையும் லோன்லயே போட்டுடலாம்ணா!" இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

மாசம் 7,000. வருஷத்துக்கு 10 மாசம்னு வச்சா 70,000. நாலு வருஷத்துக்கு 2,80,000. வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம் (வங்கிக்கு வங்கி மாறும்). ஒவ்வொரு வருஷத் தொடக்கத்துலயும் 70,000 வாங்குறதா கணக்கு.

படிக்கிற நாலு வருஷமும், அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். இந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான், கூட்டுவட்டி இல்ல. அப்படியும் அஞ்சு வருஷத்துல 98,000 சேர்ந்துடும். ஆக, தவணை ஆரம்பிக்கிற அன்னைக்குக் கடன் 3,78,000. அதை 7 வருஷத்துல கட்டினா மாசம் சுமார் 6,275. மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 5,27,000!

சுருக்கமா ஞாபகம் வச்சுக்கணும்னா: மாச வாடகையில ஒவ்வொரு 1,000 ரூபாயும் கடைசியில சுமார் 75,000 ரூபாயா வந்து நிக்கும். 5,000 ரூபாய் பிஜியா, 7,000 ரூபாய் பிஜியான்னு முடிவு பண்ணும்போது இந்தக் கணக்கு கண்ணு முன்னாடி இருக்கணும்.

இது தங்குற செலவு மட்டும்தான். காலேஜ் ஃபீஸ் வருஷம் 75,000னு வச்சா, அதுக்கும் இதே கணக்குல மாசம் சுமார் 6,720 வரும். ரெண்டும் சேர்த்தா 13,000. முதல் வேலையில 22,000 சம்பளம் வாங்கப் போற பொண்ணு மேல 13,000 ரூபாய் இஎம்ஐ! 15 வருஷம் வரைக்கும் தவணையை நீட்டிக்கலாம்தான். 13,000 இஎம்ஐ சுமார் 8,400 ஆகும், ஆனா மொத்தமா கட்டுற தொகை 10.9 லட்சத்துல இருந்து 15 லட்சத்துக்கு ஏறிடும்.

நடுவுல ஒரு வழி

அதனால நாங்க போட்ட திட்டம் இது. மாசம் 3,000 அண்ணன் கையில இருந்து. மீதி 4,000 மட்டும் கடன்ல. அந்தக் கடனுக்கான வட்டியைப் படிக்கும்போதே அண்ணன் மாசாமாசம் கட்டிடுவான். முதல் வருஷம் அந்த வட்டி எவ்வளவு தெரியுமா? மாசம் வெறும் 333 ரூபாய். நாலாவது வருஷம் 1,333.

இப்படிப் பண்ணினா:

- தங்குற செலவுக்கான கடன் 1,60,000ல அப்படியே நிக்கும், மேல ஏறாது.
- தங்கச்சி பின்னாடி கட்ட வேண்டிய இஎம்ஐ 6,275க்குப் பதில் சுமார் 2,656.
- அண்ணன் கொடுக்கிற 3,000, வட்டி எல்லாம் சேர்த்தே குடும்பத்துக்கு ஆகுற மொத்தச் செலவு சுமார் 4 லட்சம். முழுக் கடன் வழியில இது 5.27 லட்சம்.

படிக்கிற காலத்துலயே வட்டியை ஒழுங்கா கட்டினா வட்டி விகிதத்துல 1 சதவீதம் வரை சலுகை தர்ற வங்கிகளும் இருக்கு. மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைக்கிற வங்கிகளும் உண்டு. கேட்டாதான் சொல்லுவாங்க, கேளுங்க.

கவனிக்க வேண்டிய கோடுகள்

4 லட்சம் வரைக்கும் நம்ம பங்கு எதுவும் போட வேண்டாம். அதைத் தாண்டினா, உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம போடணும். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்துல சொத்துப் பிணை இல்லாம வாங்கலாம். அதைத் தாண்டினா பொதுவா சொத்துப் பிணை கேட்பாங்க.

ஃபீஸ் மட்டும் 6 லட்சம் இருக்கிற வீட்டுல, தங்குற செலவு 2 லட்சத்தைச் சேர்த்தா என்ன ஆகும்? 7.5 லட்சக் கோட்டைத் தாண்டி, வீட்டுப் பத்திரம் பேங்க் லாக்கருக்குப் போகும். தறி போட்டிருக்கிற வீடே அதுதான்னா, அந்தக் கூடுதல் பணம் தேவையான்னு ரெண்டு தடவை யோசிங்க.

கடனுக்கு முன்னாடி இதைப் பாருங்க

- அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல இருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000. பசங்களுக்கு 2024ல இருந்து தமிழ்ப்புதல்வன். மேல சொன்ன கணக்குப்படி அந்த 1,000 கடன்ல சேராம இருந்தாலே 75,000 மிச்சம்.
- அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சீட் கிடைச்சா, ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏத்துக்குதுன்னு 2021ல அறிவிச்சாங்க. காலேஜ்ல முதல்ல இதைக் கேளுங்க.
- ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துற கல்லூரி விடுதிகள்ல தங்குறதும் சாப்பாடும் இலவசம். பிஜி அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்க விண்ணப்பம் போட்டுடுங்க.
- குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தொழில்முறைப் படிப்புகளுக்கு, தவணை இல்லாத காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுற மானியத் திட்டம் இருக்கு. மேல பார்த்த 98,000 அப்படியே மிச்சம். தாசில்தார் வருமானச் சான்றிதழ் அவசியம். கூலிக்கு நெய்யுற அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, அதனால இ-சேவை மையத்துல முன்கூட்டியே விண்ணப்பிங்க.
- 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துல காலேஜ் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிணையோ ஜாமீனோ கேட்க மாட்டாங்க.

அண்ணன், அக்காக்களுக்கு ரெண்டு எச்சரிக்கை

"நான்தானே வட்டி கட்டுறேன், 80இ பிரிவுல வரிச் சலுகை கிடைக்கும்ல?" கிடைக்காது. அந்தப் பிரிவு தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி தான் காப்பாளரா இருக்கிற மாணவருக்கு வாங்கின கடனுக்குத்தான். தம்பி, தங்கச்சி அதுல வர மாட்டாங்க. அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான்.

அடுத்தது, கடன்ல இணைக் கடன்தாரரா நீங்க கையெழுத்துப் போட்டா அது உங்க சிபில்லயும் வரும். அஞ்சு வருஷம் கழிச்சு தங்கச்சி ஒரு தவணை விட்டாலும் உங்க ஸ்கோர் அடி வாங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதும் இந்த இஎம்ஐயைக் கணக்குல எடுப்பாங்க. கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லல. தெரிஞ்சு போடுங்க.

இன்னொண்ணு. வாடகைக்குன்னு வாங்கின பணம் மாணவர் கணக்குக்கு வந்தா, அதுல புது போனோ வண்டியோ வாங்கிடக் கூடாது. அடுத்த வருஷப் பணம் விடுறதுக்கு முன்னாடி வங்கி ரசீது கேட்கலாம். மாசாமாசம் பிஜி ரசீதை ஒரு ஃபைல்ல போட்டு வைக்கச் சொல்லுங்க.

போன வாரம் அந்தப் பையன் திரும்பக் கூப்பிட்டான். அனுமதிக் கடிதத்துல தங்கும் செலவு தனி வரியா வந்திருக்காம். "அம்மா தாலிச் செயினைக் கழட்டி மேசை மேல வச்சிருந்தாங்கண்ணா. எடுத்துப் போட்டுக்கோம்மான்னு சொல்லிட்டேன்"னான்.

உங்க வீட்டுலயும் இந்த வருஷம் யாராவது காலேஜ் சேர்றாங்களா? உங்க ஊர் பிஜி வாடகையைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பர்ல எழுதிப் பாருங்க. பேங்க் படி ஏறுறது அதுக்கு அப்புறம்.