சொல்லுக்குச் சாட்சி கேட்டவர்கள்

பணக்காரப் பகட்டை ஆங்கிலத்தில் 'போஷ்' என்பார்கள். இதற்கு ஒரு கப்பல் கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு பி அண்ட் ஓ கப்பலில் வந்த சீமான்கள், வெயில் படாமலிருக்க, வரும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் அறை எடுத்தார்களாம். அதைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை டிக்கெட்டில் குத்தினார்களாம். அதுவே 'போஷ்' ஆனதாம்.

அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஆனால், 1890இல் வெளிவந்த கொச்சைமொழி அகராதி ஒன்றில், மினுக்கித் திரிபவன் என்ற பொருளில் 'போஷ்' இருக்கிறது. கப்பல் கதை தலைகாட்டியதோ 1930களில்தான்.

சொல்லுக்கு இப்படிச் சாட்சி தேடும் வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1879இல் அதன் ஆசிரியரான ஜேம்ஸ் முர்ரே, பதினான்கு வயதோடு பள்ளியை விட்ட தையற்காரர் மகன். வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகரக் கொட்டகை போட்டு, பழைய நூல்களைப் படித்துச் சீட்டு அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். சீட்டின் இடது மூலையில் சொல், அதன் கீழே ஆண்டு, நூலாசிரியர், நூல், பக்கம், பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுதாக. வந்த சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் சொல்லின் வாழ்க்கை கண்முன் விரியும். இன்று 'நல்ல, இனிய' என்று பொருள்படும் 'நைஸ்', 1300 வாக்கில் முட்டாளைக் குறித்தது. 'அறியாதவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எவ்வளவு கெட்டிக்காரரும் ஊகித்துக் கண்டுபிடிக்கக்கூடியதா இது?

முதல் பகுதி 1884இல் வந்தது. முர்ரே 1915இல் காலமானார். அகராதி 1928இல்தான் முடிந்தது. அதில் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'கட்டமரன்' நம் கட்டுமரம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்ததை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697லேயே அச்சில் எழுதிவிட்டார். ஆனால், ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மற்ற ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழ் என்று அடித்துச் சொல்வது, அசலான சான்று உள்ளவற்றின் மதிப்பையும் கெடுக்கும்.

'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். 'புதியது' என்னும் 'நியூ'வின் பன்மைதான் அது.