அரசர் படிக்கக் கூடாத புத்தகம்

1609ஆம் ஆண்டு, சந்திர நாட்காட்டிப்படி எட்டாம் மாதம் 25ஆம் நாள். கொரியாவின் கிழக்குக் கரையில், காங்வொன் மாகாணத்தில் வானம் பளிச்சென்று இருந்தது. முற்பகலில் கான்சோங் என்ற ஊரில் புகை போன்ற ஏதோ ஒன்று வானத்தில் இரண்டு இடங்களில் தோன்றி நகர்ந்தது. கூடவே இடி முழக்கம். வொன்ஜூவில் சிவந்த துணியை நீள விரித்தாற்போல் ஒன்று தெற்கிலிருந்து வடக்கே ஓடியது. காங்னுங்கில் பார்த்தவர்களுக்கு அது மேலே குறுகி அடியில் பருத்த சுரைக்குடுவை. சுன்சோனில் பானை அளவு நெருப்பு. யாங்யாங்கில்தான் விஷயம் விநோதமாகிறது. அங்கே பிற்பகலில், ஒரு வீட்டு முற்றத்தில், முகம் கழுவும் வட்டப் பாத்திரம் போலப் பளபளத்த ஒன்று தரையைத் தொடப்போவதுபோல் இறங்கி, தொடாமலே திரும்ப மேலெழும்பியது. மாகாண ஆளுநர் இதையெல்லாம் ஊர்வாரியாக எழுதித் தலைநகருக்கு அனுப்பினார். அரண்மனை வரலாற்றாளர்கள் அதைப் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

நானூறு ஆண்டு கழித்து, 2013 டிசம்பரில், தொலைக்காட்சி எழுத்தாளர் பாக் ஜி-யுன் அந்தப் பதிவுக்குள் ஒரு பறக்கும் தட்டை இறக்கினார். அதில் வந்தவன் மூப்பே இல்லாமல் நான்கு நூற்றாண்டு கொரியாவில் வாழ்ந்து, கடைசியில் பக்கத்து வீட்டுச் சினிமா நடிகையிடம் மனதைப் பறிகொடுக்கிறான். ‘மை லவ் ஃப்ரம் த ஸ்டார்’ தொடரின் கதை இதுதான். விஞ்ஞானிகள் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டார்கள். பல ஊர்களில் ஒரே நாளில் தீப்பிழம்பு, பின்னாலேயே முழக்கம் என்றால், பகலில் காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்து வெடித்த பெரிய எரிகல் என்பதுதான் முதலில் தோன்றும் விளக்கம். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் கல் எழுப்பும் அதிர்ச்சி அலை, தரைக்கு வரும்போது இடி போலக் கேட்கும். ஆனால் இறங்கிவிட்டுத் திரும்ப எழும்பிய அந்த யாங்யாங் பாத்திரம் இந்த விளக்கத்துக்குள் சரியாக உட்காரவில்லை. கதாசிரியருக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

கொரிய சரித்திரத் தொடர் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும்: இதில் எது நடந்தது, எது அளந்தது? பதில் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே புத்தகத்தின் வாசலில் போய் நிற்போம். ஜோசன் வம்சத்தின் ஆண்டுப் பதிவேடுகளான ‘ஷில்லோக்’. 1392 முதல் 1863 வரை 25 அரசர்கள், 472 ஆண்டுகள், நாள்வாரியாக. செவ்வியல் சீனத்தில் ஏறத்தாழ 5 கோடி எழுத்துகள். 1997இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நீளத்தைவிட எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. இந்தப் புத்தகத்தை அரசரே படிக்கக் கூடாது.

எழுதியவர்கள் எட்டு இளநிலை அதிகாரிகள். பதவி சிறிது, சம்பளம் சிறிது. ஆனால் அவர்களில் ஒருவராவது உடன் இல்லாமல் அரசர் அமைச்சரைச் சந்திக்கக் கூடாது என்பது விதி. சபையில் பேசியது ஒரு குறிப்பேட்டில் ஏறும். வீட்டுக்குப் போனபின், பேசியவர் எப்படிப்பட்டவர், சொன்னது நியாயமா என்று தன் சொந்தக் கருத்தை இன்னொரு குறிப்பில் எழுதி ஒளித்து வைப்பார்கள். அரசர் இறந்தபின் தனி அலுவலகம் ஒன்று திறந்து, எல்லாக் குறிப்புகளையும் திரட்டி, மூன்று முறை வரைவு எழுதி, அச்சிடுவார்கள். பிறகு வரைவுகளையும் குறிப்புகளையும் சோலுக்கு வடக்கே செகோம்ஜோங் ஓடைக்கு எடுத்துப்போய் நீரில் அலசி மையைக் கரைத்துவிடுவார்கள். எவர் என்ன எழுதினார் என்று பின்னால் யாரும் துருவக் கூடாது. அதோடு, முசுக்கட்டை மரப்பட்டையில் செய்த காகிதம் விலை உயர்ந்தது. அலசிய தாள் பக்கத்திலிருந்த காகிதச் சாலைக்குப் போய் மறுபடி கூழாகி, புதுத் தாளாக வரும்.

மூன்றாம் அரசர் தேஜோங், தம்பிகளைக் கொன்று அரியணைக்கு வழி பண்ணிக்கொண்டவர். அவரே இந்த இளைஞர்களுக்கு அஞ்சினார். 1401இல் மின் இன்-செங் என்ற வரலாற்றாளர், அனுமதி இல்லாத கூட்டத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்த்துப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். 1404இல் அரசர் மான் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, வரலாற்றாளருக்கு இது தெரியக் கூடாது என்றார். இது நமக்கு எப்படித் தெரியும்? அவர் விழுந்ததும், தெரியக் கூடாது என்று சொன்னதும் ஷில்லோக்கில் சேர்ந்தே இருக்கின்றன.

அவர் மகன் சேஜோங், கொரிய எழுத்தை உருவாக்கிய அரசர், தந்தையின் பதிவேட்டைப் பார்க்க ஆசைப்பட்டார். நீங்கள் பார்த்தால் பின்னால் வருகிறவரும் பார்ப்பார், அப்புறம் எவனும் உண்மை எழுதமாட்டான் என்று அமைச்சர்கள் தடுத்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்ளாத ஒருவர் 1498இல் வந்தார். யோன்சன்குன். கிம் இல்-சொன் என்ற வரலாற்றாளரின் வரைவிலிருந்து சில பகுதிகளை வரவழைத்துப் படித்தார். தன் கொள்ளுத்தாத்தா அரியணையைப் பறித்த கதை அதில் மறைமுகமாக இடித்துரைக்கப்பட்டிருந்தது. எழுதியவரின் உயிர் போனது. அவருடைய ஆசிரியர் ஏற்கெனவே இறந்திருந்தார். அவர் உடலைத் தோண்டியெடுத்துத் தண்டித்தார்கள். கொரிய நாடகங்களில் கொடுங்கோலன் வேண்டுமென்றால் இன்றுவரை யோன்சன்குன்தான் முதல் தேர்வு.

இவ்வளவு நுணுக்கமான பதிவேடு இருந்தால் கதாசிரியருக்கு வேலை சுலபம் என்று தோன்றும். நான் கவனித்தவரை, நல்ல தொடர்கள் பிறப்பது பதிவு தடித்த இடத்தில் அல்ல, மெலிந்த இடத்தில். 2003இல் எம்பிசி ஒளிபரப்பிய ‘தே ஜாங் கும்’ 54 பகுதிகள் ஓடியது. பல நாடுகளில் கொரியத் தொடர் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். அந்தப் பெண் மருத்துவரைப் பற்றி ஷில்லோக்கில் இருப்பது பத்து இடங்களில் சில வரிகள். 1515இல் அரசி பிள்ளை பெற்று இறந்தபோது அவரைத் தண்டிக்கச் சொன்னார்கள்; பிரசவம் பார்த்த பெருமை அவருக்கு உண்டு என்று அரசர் ஜுங்ஜோங் மறுத்தார். இடையில் பரிசாக அரிசியும் சோயாவும். 1544இல் மரணப் படுக்கையில், தன் நோய்நிலை அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்கிறார் அரசர். ஊர், பெற்றோர், மணம், மறைவு எதுவும் இல்லை. தொடரின் முற்பாதியில் நம்மைக் கட்டிப்போட்ட அரண்மனைச் சமையலறைக்குப் பதிவில் ஒரு சொல்கூட ஆதாரம் கிடையாது. 2005இல் வந்த ‘த கிங் அண்ட் த க்ளௌன்’ படமும் அப்படித்தான்: கொங்-கில் என்ற கூத்தாடி அரசர் யோன்சன்குனை மேடையில் குத்திக்காட்டி, அடிவாங்கி, நாடு கடத்தப்பட்டான் என்ற குறிப்பு. ஆள் அதோடு காணாமல் போகிறான்.

ஜாங் யோங்-ஷில் காணாமல் போனது இவர்களைவிட உறுத்தும். அடிமையாகப் பிறந்தவர்; சேஜோங் அவர் கைத்திறனைக் கண்டு பதவி கொடுத்து உயர்த்தினார். 1434இல் அவர் செய்த நீர்க்கடிகாரம், பாத்திரத்தில் நீர் ஏற ஏற மிதவை உயர்ந்து, உலோக உருண்டைகளை உருட்டி, மணி, முரசு, சேகண்டியைத் தானே அடிக்கவைத்தது. 1442இல் அவர் மேற்பார்வையில் செய்த அரச பல்லக்கு உடைந்தது. சவுக்கடித் தண்டனை. அரசர் அடிகளைக் குறைத்தார். அதற்குப் பிறகு 5 கோடி எழுத்துகளில் எங்குமே அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருபது ஆண்டு உடனிருந்தவரை அந்த அரசர் ஏன் ஒரு பல்லக்குக்காகக் கைவிட்டார்? 2019இல் ஹர் ஜின்-ஹோ இயக்கிய ‘ஃபர்பிடன் ட்ரீம்’ படம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அரசராக ஹான் சுக்-கியு, கைவினைஞராக சோய் மின்-ஷிக். இருவரும் தரையில் படுத்து நட்சத்திரம் பார்க்கும் காட்சியை நான் கற்பனை என்று ஒதுக்கமாட்டேன். அந்த அரண்மனை உண்மையாகவே இரவெல்லாம் வானம் பார்த்தது.

பார்த்ததன் பலன் 580 ஆண்டு கழித்துக் கிடைத்தது. 1437 மார்ச் 11ஆம் தேதி, விருச்சிகத்தின் வாலில், நம் பஞ்சாங்கம் மூலம் என்று சொல்லும் பகுதியில், புதிய விண்மீன் ஒன்று தோன்றியதாக சேஜோங்கின் வானியலாளர்கள் எழுதினார்கள். எந்த இரு விண்மீன்களுக்கு நடுவே, எதற்கு அருகில், எத்தனை நாள் தெரிந்தது எல்லாம் உண்டு. 14 நாளில் அது மறைந்தது. இன்று இதை நோவா என்கிறோம். செத்து இறுகிய வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்று தன் துணை விண்மீனிலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி மேலே சேர்த்துக்கொண்டே போகும். அடுக்கு தடித்து, சூடேறி, ஒருநாள் மேற்பரப்பு முழுக்க அணுவெடிப்பாகச் சிதறும். விண்மீன் சாகாது. நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மைக்கேல் ஷாரா குழு அந்த வெடிப்பின் மிச்சமான வாயு ஓடு ஒன்றைக் கண்டுபிடித்து 2017இல் வெளியிட்டது. விண்மீன் ஓட்டின் நடுவில் இல்லை, விலகி நின்றது. 1923இல் பெருவில் எடுத்த ஹார்வர்டின் பழைய கண்ணாடித் தகட்டுப் படத்தை வைத்து அது நகரும் வேகத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். 1437இல் மிகச் சரியாக ஓட்டின் நடுவில் வந்து நின்றது. நோவா வெடித்து ஐந்நூறு ஆண்டுக்குப் பின், 1930களிலும் 40களிலும் அதே விண்மீன் சிறு சிறு வெடிப்புகளாகப் பொங்கியது பழைய தகடுகளில் பதிவாகியிருக்கிறது. தனித்தனி இனங்கள் என்று கருதப்பட்ட இரண்டு வகை விண்மீன்கள் ஒரே விண்மீனின் வெவ்வேறு பருவங்கள் என்பதற்கு அது சான்றாயிற்று.

இந்தத் தாள்கள் மிஞ்சியதே பெரும்பாடு. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது நான்கு காப்பகங்களில் மூன்று எரிந்தன. நான்காவதான ஜியோன்ஜு பிரதியை ஆன் உய், சொன் ஹொங்-ரொக் என்ற இரண்டு உள்ளூர் அறிஞர்கள் நேஜாங் மலைக்குச் சுமந்துபோய்க் காவல் இருந்தார்கள். போர் ஓய்ந்ததும் அதிலிருந்து படியெடுத்து, இந்தமுறை பெரும்பாலும் நகரங்களை விட்டுத் தீவிலும் மலைகளிலும் வைத்தார்கள். சில ஆண்டுக்கொரு முறை பெட்டிகளைத் திறந்து காற்றாட உலர்த்தி, பூச்சி அண்டாமல் வசம்புப் பொடி வைத்து மூடினார்கள். சுவடிக்கு வசம்பு வைத்த நம் முன்னோருக்கு இந்தக் கைப்பக்குவத்தை விளக்க வேண்டியிருக்காது. வேடிக்கை, முந்தைய நூற்றாண்டுகளின் புத்தகங்களுக்கு இன்னும் அக்கறை காட்டி, ஒவ்வொரு தாளிலும் தேன்மெழுகு பூசியிருந்தார்கள். மெழுகு காலப்போக்கில் இறுகி, மடிப்பில் வெடித்து, தாளோடு தாளை ஒட்டவைத்துவிட்டது. மெழுகு பூசாத வெறும் காகிதம் அதைவிட நன்றாக இருக்கிறது. ஓதே மலைப் பிரதியை 1913இல் தோக்கியோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1923 நிலநடுக்கத் தீயில் அதன் பெரும்பகுதி போயிற்று.

தென்கொரியாவில் முழு மொழிபெயர்ப்பு முடிந்தது 1993இல்; 1995இல் குறுந்தகடு; பிறகு இணையத்தில் இலவசம். செவ்வியல் சீனம் தெரிந்த சிலரின் சொத்தாக இருந்தது, எந்தக் கதாசிரியரும் ஒரு பெயரைத் தட்டித் தேடும் நிலைக்கு வந்தது. பார்வையாளரும் தேடுகிறார்கள், அதுதான் சிக்கல். 2020இல் ‘மிஸ்டர் க்வீன்’ தொடரில் ஒரு பாத்திரம் ஷில்லோக்கை வதந்தித் தாளோடு ஒப்பிட்டது. புகார்கள் குவிந்து, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த வசனத்தை நீக்கினார்கள். 2021இல் ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ வரலாற்றைத் திரிக்கிறது என்ற எதிர்ப்பில் இரண்டே பகுதியோடு நின்றது. பூதக் கதைக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் காதல் விஷயத்தில் மட்டும் கதாசிரியரை யாரும் ஆதாரம் கேட்க முடியாது. வரலாற்றாளர்கள் எல்லோரும் ஆண்கள். அந்தப்புர வாசலோடு அவர்கள் எழுதுகோல் நின்றுவிடும். 1519இல், உள்ளே நடப்பதை எழுதப் பெண் வரலாற்றாளர்களை நியமிக்கலாம் என்று அமைச்சர்கள் யோசனை சொன்னார்கள். எழுதத் தெரிந்த பெண்கள் கிடைப்பது அரிது என்று ஜுங்ஜோங் தட்டிக்கழித்தார். நியமித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று 2019இல் ‘ரூக்கி ஹிஸ்டோரியன் கூ ஹே-ரியொங்’ ஒரு தொடர் முழுக்கக் கற்பனை செய்து பார்த்தது.

விதிவிலக்காக ஒரு காதலுக்கு எழுத்துச் சான்று உண்டு. அது ஷில்லோக்கில் இல்லை, ஒரு கல்லறைக் குறிப்பில் இருக்கிறது. 22ஆம் அரசர் ஜோங்ஜோ, தன் துணைவி உய்பின் சோங் 1786இல் இறந்தபோது கல்லறைக் குறிப்பைத் தானே எழுதினார். தான் இளவரசனாக இருந்த 1766இல் அவளை விரும்பிக் கேட்டதாகவும், இளவரசனின் மனைவிக்கு இன்னும் பிள்ளை இல்லையே என்று அவள் அழுது மறுத்ததாகவும், பதினைந்து ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது மறுபடியும் மறுத்ததாகவும் அதில் சொல்கிறார். அப்போது அவளுடைய பணியாட்களைக் கடிந்து தண்டித்தபிறகுதான் அவள் இணங்கினாளாம். 2021இல் வந்த ‘த ரெட் ஸ்லீவ்’ தொடர் இந்தக் குறிப்பின்மேல் எழுந்தது. அது கேட்கிற கேள்வி, அரசர் எழுதாத ஒன்று: அந்தப் பதினைந்து ஆண்டும் அவளுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது?