திருப்போரூர்ல இருந்து ஈசிஆருக்கு ஓப்பன் டாப்ல: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

சிறுசேரி சிப்காட்ல வேலை, திருப்போரூர்ல வாடகை வீடு, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 90,000. சனிக்கிழமை விடியக்காலையில கந்தசாமி கோயில் பக்கத்துல ஒரு காபி, அப்புறம் நெம்மேலி ரோட்டுல போய் ஈசிஆர் ஏறி, கூரையைத் திறந்து விட்டு மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு. இப்படி ஒரு ஆசை உங்களுக்கு இருந்தா அதுல தப்பே இல்ல. போன்ல பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒண்ணு 18 லட்சம்னு கண்ணுல பட்டதும், "ஒரு புது எஸ்யூவி விலைதானே"ன்னு மனசு சொல்லும். அந்த "தானே"யைத்தான் இன்னிக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

நம்ம ஊர் மார்க்கெட்ல பழசா கிடைக்கிற கன்வர்ட்டிபிள்கள் ரொம்பக் கொஞ்சம். பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடீஸ் எஸ்எல்கே, ஆடி ஏ3 கேப்ரியோலே, மினி கூப்பர் கன்வர்ட்டிபிள். ஏ3 கேப்ரியோலே 2014 டிசம்பர்ல வந்தப்போ எக்ஸ்-ஷோரூம் 44.75 லட்சம். மினி 2016ல 34.90 லட்சம். 2019ல வந்த இசட்4 64.90 லட்சத்துல ஆரம்பிச்சது. எல்லாமே முழுசா வெளிநாட்டுல தயாராகி இறக்குமதியானவை. பத்து வருஷத்துல காரோட விலை மூணுல ஒரு பங்கா இறங்கிடும். ஆனா ஹெட்லைட், டயர், கூரையைத் தூக்குற ஹைட்ராலிக் பம்ப், இதுக்கெல்லாம் வயசு ஆகாது. பார்ட்ஸ் கவுன்டர்ல நீங்க 18 லட்சத்துக்கு வாங்கினீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பில் 65 லட்ச ரூபாய் காருக்குத்தான் வரும்.

அதனால பராமரிப்புச் செலவை நீங்க கொடுத்த விலையில இருந்து கணக்குப் போடாதீங்க. அந்தக் கார் புதுசா இருந்தப்போ என்ன விலையோ, அதுல வருஷத்துக்கு 2.5 சதவீதம்னு எடுத்துக்கோங்க. இது என்னோட தோராயக் கணக்கு. வாரன்டி முடிஞ்ச காருக்கு இது அதிகம்னு நான் நினைக்கல.

இப்போ நம்பரைப் போடுவோம். கார் 18 லட்சம். கையில இருந்து 6 லட்சம், மீதி 12 லட்சம் பழைய கார் லோன். வட்டி 13%, அஞ்சு வருஷம்னா இஎம்ஐ சுமார் 27,300. வட்டி மட்டுமே 4.38 லட்சம். சர்வீஸ், டயர், ரிப்பேருக்கு மாசம் 15,000 ஒதுக்கணும். இன்ஷூரன்ஸ் மாசக் கணக்குல 4,000. (1500 சிசிக்கு மேல இருக்கிற காருக்கு 2022ல நிர்ணயிச்ச தர்ட் பார்ட்டி பிரீமியமே 7,897 ரூபாய், ஓன் டேமேஜ் அதுக்கு மேல.) மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டினா, லிட்டருக்கு 8 கிலோமீட்டர்னு வச்சாலும் பெட்ரோல் 6,000க்கு மேல போயிடும். மொத்தம் 52,300. 90,000 சம்பளத்துல மிச்சம் 37,700. வாடகை, சாப்பாடு, அப்பா அம்மாவுக்கு அனுப்புறது எல்லாம் இதுக்குள்ளதான்.

அஞ்சு வருஷம் கழிச்சு 9 லட்சத்துக்கு வித்துட்டீங்கன்னே வைப்போம். உங்க கையை விட்டுப் போனது 28.38 லட்சம். வருஷத்துக்கு 5.68 லட்சம்.

இதுல எத்தனை மணி நேரம் கூரை திறந்திருக்கும்? நம்ம கடற்கரையில சித்திரை வெயில்ல காலை எட்டு மணிக்கே கூரையை மூடிட்டு ஏசி போட்டுடுவீங்க. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பாதியில இருந்து மாசி வரைக்கும்தான் நிஜமான சீசன். வார இறுதிக் காலைகள் ஒரு 22, தலா ரெண்டு மணி நேரம். மத்த மாசங்கள்ல ஒரு 30 சாயங்காலம், ஒன்றரை மணி நேரம். கூட்டினா வருஷத்துக்கு 90 மணி நேரம் கூட வராது. அதாவது காத்து வாங்க ஒரு மணி நேரத்துக்கு சுமார் 6,300 ரூபாய். இது உங்களுக்கு ஓகேன்னா ஓகேதான், நான் தடுக்கல. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த நம்பர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்தது நம்ம ஏரியாவுக்கே உரிய பிரச்சினை: உப்பு. கேளம்பாக்கத்துல உப்பளமே இருக்கு, கடல் பக்கத்துலயே. இந்தக் காத்து காரோட அடிப்பக்கம், போல்ட், எலெக்ட்ரிக் கனெக்டர் எதையும் விடாது. கன்வர்ட்டிபிள்ல கூடுதலா ஒண்ணு உண்டு. கூரை மடியிற இடத்துல மழைத் தண்ணி வடியச் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். மணலும் வேப்ப இலையும் அதை அடைச்சா தண்ணி உள்ளே தேங்கும். பழைய இசட்4 மாடல்ல (2003–2008) கூரை மோட்டார் இப்படித் தண்ணில நனைஞ்சு கெட்டுப் போறது உலகம் பூரா தெரிஞ்ச கதை. மரத்தடி பார்க்கிங், மொட்டை வெயில் பார்க்கிங் ரெண்டுமே ஆகாது. பேஸ்மென்ட் இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ என்ன ஆச்சுன்னு ஓஎம்ஆர்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் இல்லாம இந்தக் காரை இங்க வச்சுக்கவே கூடாது.

பார்க்கப் போகும்போது கூரையைப் பத்து தடவை திறந்து மூடச் சொல்லுங்க. ஒரு தடவை திறந்து காட்டிட்டு "சூப்பரா இருக்கு சார்"னு சொன்னா நம்பாதீங்க. ஹோஸ் பைப்ல பத்து நிமிஷம் தண்ணி அடிச்சுட்டு, டிக்கிக்குள்ள கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. வெள்ளத்துல நின்ன காருக்கு அங்கதான் சேத்துக் கோடு தெரியும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், கடைசி ரெண்டு தயாரிச்ச வருஷம். இசட்4ல ரன்-ஃப்ளாட் டயர் இருந்தா ஸ்டெப்னி இருக்காது, நாலையும் மாத்தற செலவைப் பேரத்துலயே கழிங்க.

விலை ரொம்பக் கம்மியா தெரிஞ்சா நம்பர் பிளேட்டைப் பாருங்க. வெளி மாநிலக் காரா இருந்தா அங்க என்ஓசி வாங்கணும், இங்க 12 மாசத்துக்குள்ள மறுபதிவு பண்ணணும், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸும் கட்டணும். 20 லட்சத்துக்கு மேல இருக்கிற புதுக் காருக்கு இங்க டாக்ஸ் 20 சதவீதம். பழைய காருக்கு வயசைப் பொறுத்துக் குறையும், ஆனா கணக்கு ஆரம்பிக்கிறது அந்தக் காரோட அசல் விலையில, உங்க 18 லட்சத்துல இல்ல. மும்பைல ரெண்டு லட்சம் கம்மியா கிடைச்சதுன்னு ஓட்டிட்டு வந்து, இங்க அதைவிட அதிகமா கட்டற கதை இப்படித்தான் நடக்குது.

அப்போ யாரு வாங்கலாம்? முழுப் பணமும் லோன் இல்லாம இருக்கணும். அதுக்கு மேல ரிப்பேருக்குன்னு 4 லட்சம் தனியா, தொடாம இருக்கணும். ஆபீஸ் போக வேற வண்டி இருக்கணும், கூரை போட்ட மேட்டுப் பார்க்கிங் இருக்கணும். இந்த நாலும் இருந்தா இசட்4 வாங்கி ஜாலியா ஓட்டுங்க. நாலுல மூணுன்னா மினி பக்கம் பாருங்க. நாலு சீட்டும் இருக்கு, டயரும் பார்ட்ஸும் கொஞ்சம் அடக்கமா முடியும்.

காத்து மட்டும்தான் வேணும்னா, 2020 அக்டோபர்ல வந்த மஹிந்திரா தார் சாஃப்ட் டாப் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லதான், கூரையைக் கையாலதான் மடிக்கணும். ஆனா பார்ட்ஸ் உள்ளூர் விலை, மழைத் தண்ணிக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் பயப்பட வேண்டாம். கோவால சான் மோட்டார்ஸ் தயாரிச்ச குட்டி ரெண்டு சீட் சான் ஸ்டார்மும் எப்பவாவது விற்பனைக்கு வரும். ஃபைபர் பாடி, உப்புக்காத்துல துரு பிடிக்காது. ஆனா பார்ட்ஸுக்கு நீங்கதான் அலையணும்.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கடைசியா ஒண்ணு. ஆர்சில லோன் நிலுவை இருக்கான்னு பார்த்துட்டு, ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கின பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க. 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸை உங்க பேருக்கு மாத்துங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும். அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.