பச்சிளங்குழந்தை வென்டிலேட்டரும் அதன் எச்சரிக்கை ஒலிகளும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள காவாந்தண்டலம் போன்ற சிற்றூரில் மாதம் நிறையாமல் பிறந்து மூச்சுத் திணறும் குழந்தைக்கு, முதலுதவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தாலும், அதற்காக மூச்சு விடும் வென்டிலேட்டர் அங்கே இருப்பதில்லை. 2011ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள், பிரசவம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பராமரிப்பு மூலையையும் மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவையும் அமைக்கச் சொல்லியபோதும், செயற்கைச் சுவாசத்தை அதற்கும் மேல்நிலை மருத்துவமனைகளுக்கே விட்டுவைத்தன. ஆகவே இப்பகுதிக் குழந்தை செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ 108 ஆம்புலன்சில் கொண்டுசெல்லப்பட நேர்கிறது. அத்தகைய தீவிர சிகிச்சைப் பிரிவில், கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரை மிகவும் கலங்க வைப்பது கருவியிலிருந்து அடிக்கடி எழும் எச்சரிக்கை ஒலியாகும்.

மூச்சு வெளியேறும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய அளவில் சுரப்பதில்லை என்பதை மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1959இல் நிறுவினர். அந்தக் குறையை ஈடுசெய்ய, வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சின்போதும் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுக்கு மூச்சு இடையிலும் சுமார் 5 செ.மீ. அழுத்தத்தை விட்டுவைத்து நுண்ணறைகளைத் திறந்தபடி நிறுத்துகிறது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மூச்சில் தேவைப்படும் காற்று 4 முதல் 6 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். அது தொண்டை வழியே செல்லும் குழாயின் உள்விட்டமோ 2.5 மி.மீ. இவ்வளவு சிறிய அளவுகளில் ஒரு துளி சளியோ அரை சென்டிமீட்டர் நகர்வோ கூடப் பெரிய விளைவை உண்டாக்கிவிடும்.

உலகளாவிய தர விதிகளின்படி, உடனடி ஆபத்தைக் குறிக்கும் அலாரம் சிவப்பு விளக்குடன் பத்துத் துடிப்புகளாகவும், அடுத்த நிலையிலுள்ளது மஞ்சள் விளக்குடன் மூன்று துடிப்புகளாகவும் ஒலிக்க வேண்டும். ஆனால் ஒலியின் தரவரிசையைவிட முதன்மையானது, ஒலி கேட்டதும் கண் எங்கே செல்ல வேண்டும் என்பது. திரையில் என்ன எழுதியிருந்தாலும், குழந்தையின் மார்பு இருபுறமும் சமமாக உயர்ந்து தாழ்கிறதா, நிறம் எப்படி இருக்கிறது, இதயத் துடிப்பு குறைகிறதா என்பவற்றையே செவிலியர் முதலில் பார்க்கிறார். குழந்தை தளர்ந்திருந்தால், வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் அழுத்தும் ஆம்பு பையின் மூலம் மூச்சு கொடுக்கப்படுகிறது. அதில் குழந்தை தேறினால் கோளாறு கருவியிலோ அதன் குழாய்களிலோ இருக்கிறது என்றும், தேறாவிட்டால் தொண்டைக்குள் சென்ற குழாயிலோ நுரையீரலிலோ இருக்கிறது என்றும் சில நொடிகளில் பிரித்தறிய முடிகிறது.

அதன்பின் தேட வேண்டிய காரணங்கள் நான்கு: குழாய் இடம் பெயர்தல், அடைபடுதல், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்குதல், கருவிக் கோளாறு. குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்தால் குழாய் உள்ளே இறங்கி வலப்பக்க நுரையீரலுக்குள் மட்டும் செல்லலாம். பின்னே நிமிர்ந்தால் வெளியே நழுவலாம். ஆகவேதான் ஒரு கிலோ குழந்தைக்கு 7 செ.மீ., இரண்டு கிலோவுக்கு 8 செ.மீ. என உதட்டருகே தெரியும் அளவைக் குறித்து வைத்து, ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் சரிபார்க்கும் பழக்கம் உருவானது. சளியால் குழாய் அடைபட்டால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி இயங்கும் வென்டிலேட்டரில் அழுத்தம் உயர்ந்ததாகக் காட்டப்படுவதில்லை. உள்ளே செல்லும் காற்றின் அளவு குறைந்ததாகவே காட்டப்படும். இதைவிடக் கவலைக்குரியது, குழாய் முற்றிலும் வெளியே வந்துவிட்ட நிலை: மெல்லிய குழாயின் தடையே போதிய எதிரழுத்தத்தைத் தருவதால், குறைந்த அழுத்தத்துக்கான அலாரம் ஒலிக்காமலே போகக்கூடும். அலாரம் ஒலிக்கவில்லை என்பதற்காகக் குழந்தை நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது என்பதை இப்பிரிவில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

காற்றுக் கசிவால் நுரையீரல் சுருங்கும்போது, மார்பு ஒரு புறம் மட்டும் அசையும். எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது, அறையை இருட்டாக்கி மார்பின்மீது குளிர் ஒளி விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். காற்று தேங்கிய பக்கம் மெல்லிய தோலின் வழியே பரவலாக ஒளிர்வது, ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான குறியாகிறது.

அடிக்கடி நேரும் மற்றொரு கோளாறு தண்ணீரால் வருவது. குழந்தையின் மென்மையான மூச்சுப்பாதை உலராதிருக்க, காற்று 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈரமாக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஏசி குளிர்விக்கும் அறையில், குறிப்பாகக் குளிர்காற்று நேரே படும் இடத்தில், அந்த ஈரம் கருவியின் குழாய்க்குள் நீர்த்துளிகளாகத் தேங்கிவிடுகிறது. அங்குமிங்கும் அசையும் நீரைக் குழந்தையின் மூச்சு முயற்சி என்று கருவி தவறாக உணர்ந்து, தேவையற்ற மூச்சுகளை அடுத்தடுத்துச் செலுத்தும்போது மூச்சு எண்ணிக்கை மிகுந்துவிட்டதாக அலாரம் ஒலிக்கிறது. குழாயைக் குழந்தையின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி வைத்து, நீர் குழந்தையை நோக்கி ஓடாதபடி சேகரிப்புக் கிண்ணத்தில் வடியவிட்டால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். காற்றோட்டத்தை அளக்கும் உணரியின்மேல் துளி படிந்திருந்தால் அதையும் உலர்த்த வேண்டும். மின்தடையோ ஆக்சிஜன் வழங்கலில் குறைவோ ஏற்படும்போது எழும் அலாரம் வேறு வகை. கருவியின் பேட்டரி தாங்கும் நேரத்துக்குள் மாற்று வழியை ஏற்பாடு செய்தாக வேண்டும், ஆம்பு பையும் நிரப்பிய சிலிண்டரும் ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் இருந்தாக வேண்டும்.

ஒரு செவிலியர் பல குழந்தைகளைக் கவனிக்கும் பிரிவில், பொருளற்ற ஒலிகள் மிகும்போது காது மரத்துப்போய், உண்மையான அலாரத்துக்கும் கை ஒலி நிறுத்தும் பொத்தானை நோக்கியே செல்லும் ஆபத்து உண்டு. இதற்குச் செவிலியரைக் குறை சொல்வது நியாயமன்று. பணியாளர் எண்ணிக்கையை உயர்த்துவதும், அலாரம் எல்லைகளை அந்தந்தக் குழந்தைக்கேற்ப அமைப்பதுமே தீர்வு. எடுத்துக்காட்டாக, சர்ஃபாக்டன்ட் மருந்தாகச் செலுத்தப்பட்ட சில நிமிடங்களிலேயே நுரையீரல் இளகி, அதே அழுத்தத்தில் முன்னைவிட மிகுதியான காற்றை ஏற்கத் தொடங்குவதால், மருந்துக்கு முன் வைத்த அழுத்தமும் அளவு எல்லையும் அந்நேரத்திலேயே திருத்தப்பட வேண்டியவை.