தங்கவயலுக்கு ஒரு தலைக்கோல்

மந்திரப் பள்ளிக் கதைகளில் ஊறிய பிள்ளைகளுக்குத் தீராத ஒரு குறை உண்டு. ஹாரி பாட்டர் நாவல்கள் 1997 முதல் 2007 வரை 7 பாகங்களாக வந்தன. பள்ளியில் சேரும் நாளை அவை விரிவாகச் சொல்கின்றன: தலையில் தொப்பியை வைப்பார்கள், அது வாய்திறந்து இந்தப் பிள்ளை எந்த விடுதிக்கு என்று அறிவிக்கும். ஆனால் படிப்பு முடிந்து வெளியேறும் நாள் கதையில் எங்குமே வராது. கடைசி ஆண்டில் நாயகன் படிக்கவே போகவில்லை. அந்தக் காணாத விழாவை உலகெங்கும் வாசகர்கள் தாங்களே கற்பனை செய்துகொள்கிறார்கள்: என்ன உடை, யார் கோல் கொடுப்பார், என்ன உறுதிமொழி என்று.

பிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கற்றுமுடித்தவரை ஊர் எப்படி வரவேற்க வேண்டும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தமிழில் பழைய விடை ஒன்று உண்டு. இன்று அது மிகவும் தேவைப்படும் ஊர், தங்கச் சுரங்கம் மூடப்பட்ட கோலார் தங்கவயல்.

வாசல்காப்பவரின் பெயர்

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் ரோக் என்ற தீவில் மாயவித்தைப் பள்ளி ஒன்று நடக்கிறது. கெட் என்ற சிறுவன் அதன் வாசலில் தன் உண்மைப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைகிறான். படிப்பு முடித்துக் கிளம்பும்போது அதே வாசல்காப்பவர் மறிக்கிறார். தம் பெயரைச் சொன்னால்தான் வெளியே போகலாம் என்கிறார். கற்ற வித்தைகளையெல்லாம் மனத்தில் புரட்டிப் பார்க்கிறான் கெட். அவரோ ஆசான்களில் ஒருவர். அவரிடம் எந்த வித்தையும் எடுபடாது. கடைசியில் பணிவாக, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டுவிடுகிறான். அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கதவு திறக்கிறது.

தனக்குத் தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவன்தான் கற்றவன் என்பதே அந்தப் பள்ளியின் இறுதித் தேர்வு. கற்பனைப் பள்ளியின் சடங்காக இருந்தாலும் நம் பல்கலைக்கழகங்கள் எதிலும் இவ்வளவு பொருளுள்ள தேர்வு இல்லை.

நிஜ உலகின் மாயவித்தைக்காரர்களுக்கும் அரங்கேற்றம் உண்டு. 1905-இல் லண்டனில் தொடங்கிய 'மேஜிக் சர்க்கிள்' சங்கத்தில் சேர, நடுவர்கள் முன் வித்தை செய்துகாட்ட வேண்டும். 1975-இல் அன்றைய இளவரசர் சார்லஸும் அப்படிச் செய்துகாட்டித்தான் சேர்ந்தார். அவர் காட்டியது கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்யும் வித்தை, நம் தெருவோரச் செப்படி வித்தையின் உறவு. திருவனந்தபுரத்தில் கோபிநாத் முதுகாடு 1996-இல் மேஜிக் அகாடமி தொடங்கி, இந்த வித்தைக்கு முறையான பள்ளி அமைத்தார்.

கோலுக்கு நடந்த ஊர்வலம்

கற்றவர் கையில் கோல் என்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை முழுக்க முழுக்க ஒரு பட்டமளிப்பு விழாதான். ஆடல்மகள் மாதவி 5 வயதில் பயிற்சி தொடங்குகிறாள்; 7 ஆண்டு கற்று, 12 வயதில் அரசன் முன் ஆட வருகிறாள். இளங்கோவடிகள் மாணவியை உடனே மேடையேற்றிவிடவில்லை. முதலில் ஆசிரியர்களை நிறுத்துகிறார். ஆடல் ஆசான், இசை ஆசிரியன், பாட்டு எழுதும் கவிஞன், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் என ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகே மேடைக்கு வருகிறார்.

மேடைக்கும் கணக்கு உண்டு. புண்ணிய மலையில் வளர்ந்த மூங்கிலில், கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ளதாகத் தேர்ந்தெடுத்து, 24 விரல் அளவில் கோல் நறுக்குகிறார்கள். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. இரண்டு வாயில்கள், மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்குகள் வைக்கிறார்கள்.

அடுத்து வருகிறது தலைக்கோல். போரில் தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடைக்காம்பை எடுத்து, கணுக்கள்தோறும் நவமணி பதித்து, நடுவில் பொன்தகடு சுற்றிச் செய்த கோல் அது. இந்திரன் மகன் சயந்தனாக அதை எண்ணி வழிபடுவார்கள். நல்ல நாளில் பொற்குடத்து நீரால் நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுப்பார்கள். முரசு முழங்க, அரசனும் ஐம்பெருங்குழுவும் உடன்வர, தேரை வலம்வந்து கவிஞன் கையில் சேர்ப்பார்கள். ஊரைச் சுற்றிவந்து கோல் அரங்கில் அமர்ந்த பிறகுதான் மாதவி வலக்கால் எடுத்து வைத்து ஏறுகிறாள். ஆடி முடித்ததும் அரசன் மாலையும் 1008 கழஞ்சு பொன்னும் தருகிறான். சோழர்காலக் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர் சிலரின் பெயரோடு தலைக்கோலி என்ற பட்டம் சேர்ந்து வருவதால், இது வெறும் காவியக் கற்பனை அல்ல என்று தெரிகிறது.

இந்த விழாவில் மாணவி கடைசியாகத்தான் வருகிறாள். அவளுக்கு முன்னால் ஆசிரியர்களும் அரங்கும் கோலும் ஊரும் வந்து நிற்கிறார்கள். யாரால், எதனால் இந்தப் பெண் கற்றாள் என்பதை ஊர் கண்ணாரக் கண்டபின் அவள் ஆடுகிறாள். பட்டமளிப்பின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அங்கி வந்த வழி

நாம் இன்று போடும் கறுப்பு அங்கி 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றோடு வந்தது. அங்கே முதன்முதலில் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பட்டம் வாங்கினார்கள். அந்தத் தாமோதரம் பிள்ளைதான் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். தலைக்கோலின் கதையை நமக்கு மீட்டுத் தந்த சிலப்பதிகாரப் பதிப்பை 1892-இல் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். 1932-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

அங்கி மட்டுமே வழி என்றில்லை. தாகூர் நிறுவிய விசுவபாரதியில் பட்டதாரிகளுக்கு ஏழிலைப்பாலை மரத்தின் இலைக்கொத்தைக் கொடுப்பது மரபு. அந்த மண்ணில் நிற்கும் மரமே அங்கே சான்றிதழோடு சேர்ந்து வருகிறது.

தங்கவயலின் பட்டதாரிகள்

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கம் எடுக்கத் தங்கவயலுக்கு வந்த பிறகு வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய், தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் குடியேறினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1965-இல் அதன் ஆழத்தில்தான், வளிமண்டலத்தில் பிறந்து மலையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ துகளின் தடயத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் பிடித்தார்கள். மந்திரப் பள்ளி எதிலும் இதைவிடப் பெரிய அதிசயம் நடந்ததில்லை.

சுரங்கத்துக்குள் பெரிய கல்வி நடந்தது. வேலை தொடங்கும் முன் மேற்பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பாறை உறுதி. பொத்தென்றால் உள்ளே பிளந்திருக்கிறது, விலகிக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவனின் காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபட மூத்தவர் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். ஆழத்து அழுத்தத்தில் பாறை வெடித்துச் சிதறும் 'ஏர் பிளாஸ்ட்' பலரைப் பலிகொண்ட இடத்தில், இந்தக் காது உயிர்காத்த கல்வி. இதில் தேறியவர்களை ஊர்கூடி மேடையேற்றிய விழா ஏதும் கிடையாது. கூண்டில் இறங்கியவர் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததே அவருக்கான பட்டமளிப்பு.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு டன் பாறையை உடைத்தால் 3 கிராம் அளவுக்கே தங்கம் கிடைத்த காலம் அது. மாதவி பெற்ற 1008 கழஞ்சு, கழஞ்சுக்கு 5 கிராம் என்று வைத்தால், 5 கிலோ. அதை எடுக்க 1,600 டன்னுக்கு மேல் பாறையைத் தொழிலாளிகள் உடைத்து மேலேற்ற வேண்டியிருந்திருக்கும்.

இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போய்வருகிறார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் அவர்களில் பலர். உள்ளூர்க் கல்லூரியில் படித்த பொறியாளருக்குப் பட்டம் பெலகாவியிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. வாடகை அங்கி, ஒரு புகைப்படம், ஓர் உறை. படிக்க வைத்தவர்கள் பார்வையாளர் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், அழைப்பு இருந்தால்.

தங்கவயலின் பள்ளிகளும் கல்லூரிகளும் தங்களுக்கென ஒரு விழாவை வகுத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தின் அனுமதி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பாறை தட்டிப் பார்த்த பழைய கடப்பாரை ஒன்றைத் துடைத்து, மாலை சூட்டி, ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கையில் கொடுத்து ஊர்வலத்தின் முன்னால் நடக்கவிடுங்கள். தலைக்கோல் பகையரசனின் குடையிலிருந்து வந்தது. இந்தக் கோல் உழைத்தவர்களின் கையிலிருந்தே வரட்டும். மேடையில் முதலில் ஆசிரியர்களின் பெயரும், அடுத்துப் பெற்றோர் பார்த்த வேலையும், அதன்பின் மாணவரின் பெயரும் ஒலிக்கட்டும். ஒவ்வொரு பட்டதாரியும் அங்கிருக்கும் மூத்தவர் ஒருவரிடம் தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேடையை விட்டு இறங்கட்டும்.

ஆழத்தில் வேலைசெய்த கடைசித் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. கேட்டால் சொல்ல அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பட்டமளிப்பு வருவதற்குள் கல்லூரி முதல்வர்கள் இந்த முடிவை எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கோலை ஏந்த ஆளிருக்காது.