கோப்பின் பண்புகளை மாற்றும் உரிமை யாருக்கு?

பணிசெயல் முறைமை ஒரு கோப்பின் உள்ளடக்கத்தோடு அதனைப் பற்றிய சில விபரங்களையும் பேணுகின்றது. உரிமையாளர், குழு, அனுமதிகள், இறுதியாக மாற்றப்பட்ட நேரம் என்பன அவற்றுட் சிலவாகும். இவை கோப்பின் பண்புகள் எனப்படும்.

பண்பொன்றை மாற்றுமாறு கேட்கப்படும்போது, முறைமையின் மையப் பகுதியாகிய கரு, கேட்பவருக்கு அவ்வுரிமை உண்டா எனச் சரிபார்த்த பின்னரே மாற்றத்தைச் செய்யும். லினக்ஸ் முறைமையில் இது நடைபெறும் விதத்தை உதாரணமொன்றின் மூலம் நோக்குவோம்.

ஆசிரியை ஒருவருக்குரிய புள்ளிப் பட்டியல் கோப்பின் அனுமதி 664 எனக் கொள்க. இது ஓர் எண்ம எண்ணாகும். ஒவ்வோர் இலக்கத்தையும் துவித எண்ணாக மாற்றினால் 110, 110, 100 எனக் கிடைக்கும். இவை முறையே உரிமையாளர், குழுவினர், ஏனையோர் ஆகியோருக்கு உரியவை. ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று பிட்டுகளும் முறையே வாசித்தல், எழுதுதல், நிறைவேற்றுதல் என்பவற்றைக் குறிக்கும். எனவே உரிமையாளரும் குழுவினரும் வாசிக்கலாம், எழுதலாம். ஏனையோர் வாசிக்க மட்டுமே முடியும்.

நீங்கள் அக்குழுவில் உள்ள மாணவர் எனக் கொள்வோம். உங்கள் வேண்டுகோள்களுக்குக் கரு அளிக்கும் விடைகள் வருமாறு:

1. புள்ளிகளைத் திருத்துதல்: முடியும். உங்களுக்கு எழுதும் அனுமதி உண்டு.

2. அனுமதியை 666 ஆக மாற்றுதல்: முடியாது. உரிமையாளரும் ரூட் எனப்படும் முதன்மைப் பயனருமே இதனைச் செய்யலாம். இல்லையெனில் ஆசிரியை விதித்த கட்டுப்பாட்டிற்குப் பொருளிராது.

3. மாற்றப்பட்ட நேரத்தைத் தற்போதைய நேரமாக்குதல்: முடியும். கோப்பில் எழுதும்போதும் இதுவே நிகழ்வதால் எழுதும் அனுமதி போதுமானது.

4. அந்நேரத்தைக் கடந்த வாரத் திகதியாக்குதல்: முடியாது. அனுமதித்தால் இன்று செய்த திருத்தம் அன்று செய்ததுபோலத் தோன்றும்.

5. கோப்பை உங்கள் பெயருக்கு மாற்றுதல்: முடியாது. ஆசிரியையாலும் கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அது ரூட் பயனருக்கே உரியது. இல்லையெனில் ஒருவர் தமது பெரிய கோப்புகளைப் பிறர் பெயருக்கு மாற்றி, தமக்கு ஒதுக்கப்பட்ட வன்தட்டு இட எல்லையை மீறலாம்.

மாதிரி வினா: ஆசிரியை தவறுதலாக அனுமதியை 000 ஆக்கிவிட்டார். அவரால் மீண்டும் அதனை 664 ஆக்க முடியுமா?

விடை: முடியும். அனுமதியை மாற்றும்போது கரு கோப்பின் அனுமதிப் பிட்டுகளைப் பார்ப்பதில்லை. கேட்பவர் உரிமையாளரா என்பதையே பார்க்கும். எனினும், மாற்றும்வரை அவரால் கோப்பைத் திறந்து வாசிக்க முடியாது.

நினைவிற் கொள்க: உள்ளடக்கத்தை மாற்றும் உரிமை வேறு; பண்புகளை மாற்றும் உரிமை வேறு.