மன்னார்க் கழுதைகளின் முறிந்த கால்கள்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் களைகட்டும். அங்கே ஒரு குதிரை காலொடிந்து வீழ்ந்தால் அது செய்தி. மன்னார் வீதியில் ஒரு கழுதை காலொடிந்து கிடந்தால் அது செய்தியல்ல.

இரண்டும் ஒரே குடும்பத்து விலங்குகள். கால்களின் அமைப்பும் ஒன்றே. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் தசைநாணும் தோலும் மாத்திரமே. முறிவு ஆறும் வரை மூன்று கால்களில் நிற்க நேர்ந்தால், பாரம் தாங்கும் மற்றக் காலின் குளம்பும் பழுதாகிவிடுகிறது. காலொடிந்த குதிரையைக் கொன்றுவிடும் வழக்கத்துக்கு இதுவே முக்கிய காரணம்.

குறுந்தூரம் பாயும் தரோபிரெட் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடவிடப்படுகின்றன. எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்புகள் ஆறுமுன் அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது. நெடுந்தூரம் ஓடும் அராபியக் குதிரைகளைக் களைப்பும் நீரிழப்பும்கூட வீழ்த்துகின்றன. பராமரிப்பின் குறையும் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் அக்கரையில் பாண்டியர்க்கு வந்திறங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தவர் இன்மையால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்ததாக மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார்.

மன்னார்க் கழுதைகளும் அராபிய வணிகரோடு வந்தவை என்பதே வழிவழிப் பேச்சு. அவை சுமந்த பொதிகளை இன்று லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் சுமக்கின்றன. வேலையிழந்த கழுதை உரிமையாளனையும் இழந்தது. 2009இல் போர் முடிந்தபின் வீதிகள் செப்பனிடப்பட்டன; வாகனங்களின் வேகமும் கூடியது. வறண்ட நிலத்துக்கு உரிய விலங்காதலால் மாரியில் ஈர மண்ணை விட்டுக் காய்ந்த தார் வீதியை அது நாடுகிறது. சாம்பல் நிற உடல் இரவில் சாரதியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குதிரையைப் போல் மிரண்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்பதும் அதன் இயல்பு. முட்டாள்தனம் என்று நாம் சிரிப்பது இதைத்தான்.

இவை போதாதென்று, குப்பையில் தின்னும் பொலித்தீன் குடலை அடைக்கிறது. கழுத்தில் விட்ட கயிறு தசைக்குள் இறங்குகிறது. வலியை வெளிக்காட்டாத விலங்காகையால் காயம் சீழ்பிடித்த பின்னரே கவனத்துக்கு வருகிறது.

'பிரிட்ஜிங் லங்கா' அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கெனச் சிகிச்சை நிலையம் அமைத்தமை பாராட்டுக்குரியது. ஆனால் காயத்துக்கு மருந்திடுவது ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையாகலாம். காயத்தைத் தடுப்பது நகரசபையினதும் பிரதேச சபையினதும் பொறுப்பாகும். ஒளி தெறிக்கும் கழுத்துப் பட்டி, வேகத்தடை, குப்பை மேட்டைச் சுற்றி வேலி, மாரிக்கு ஒரு மேட்டு நிலம் ஆகியவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. அடுத்த மழைக்கு முன்னரே இவற்றைத் தொடங்க வேண்டும் என நாம் கோருகின்றோம்.